ஆறாம் திணையும் முதுபாலையும்: ஒரு சொல் பற்றிச் சில விளக்கங்கள், சில சந்தேகங்கள்

லண்டனில் நடக்கும் நூல் வெளியீடுகளிலும் இலக்கியச் சந்திப்புகளிலும் புலம்பெயர் எழுத்துப் பற்றிப் பேச்சு எழுந்தால் 'ஆறாம் திணை' என்ற சொற்றொடர் எப்படியும் வந்துவிடுகிறது. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்ற ஐந்துக்கும் அப்பால் நாம் 'பனியும் பனி சார்ந்த இடமும்' என்று ஒன்றைச் சேர்த்துவிட்டோம் என்பது அதன் சாரம். சபையும் மகிழ்ந்துபோகிறது. இரண்டாயிரம் வருடத்து மரபின் வரிசையில் நமக்கும் ஒரு கதிரை போட்டாயிற்று என்ற திருப்தி அது. அதை நான் கேலி செய்யவில்லை. எந்த நாட்டுப் பத்திரத்திலும் முழுதாக இடம் கிடைக்காதவர்கள் இலக்கணத்திலாவது இடம் தேடுவது விளங்கிக்கொள்ளக்கூடிய விடயம்தான்.

ஆனால் இச்சொல்லைக் கையாள்பவர்களில் பலர் திணை என்றால் நிலம் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நிலம் மாறியது, ஆகவே திணையும் மாறியது என்பது அவர்களது கணக்கு. கவிஞர் சேரன் 2001இல் கொழும்பு மார்கா நிறுவனத்தின் வெளியீடாக ஆங்கிலத்தில் எழுதிய சிறுநூலின் தலைப்பிலும் 'ஆறாவது' என்ற எண் இருந்தது. ஆனால் அதே தலைப்பில் அடுத்து நின்ற சொற்கள் நினைவு, வரலாறு, புலம்பெயர்ந்தோரின் கற்பனை என்பவை. பனி அங்கு இல்லை. மேடைகளில் நினைவும் வரலாறும் உருகிப்போய்ப் பனி மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஆகவே தமிழை முறையாகப் படிக்காத வாசகர்களையும் மனதிற்கொண்டு, திணை, துறை, அகம், புறம் என்ற சொற்களை முதலில் விளக்கிவிட்டு, பிறகு எனது சந்தேகத்துக்கு வருகிறேன்.

தொல்காப்பியம் அகத்திணைப் பாட்டொன்றின் உள்ளடக்கத்தை மூன்று அடுக்குகளாகப் பிரிக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்த நிலத்தில் கருக்கொள்ளும் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் போன்றவை கருப்பொருள். அங்கே மனிதருக்குள் நடப்பது உரிப்பொருள். குறிஞ்சிக்குப் புணர்தல், பாலைக்குப் பிரிதல், முல்லைக்கு இருத்தல், நெய்தலுக்கு இரங்கல், மருதத்துக்கு ஊடல். இந்த மூன்றும் ஒன்றைவிட ஒன்று சிறந்தவை என்று தொல்காப்பியம் சொல்கிறது. முதலைவிடக் கருவும், கருவைவிட உரியும் முக்கியம். உரியைத் தவிர மற்றவை இடம்மாறிக் கலக்கலாம் என்றும் அது இடம் கொடுக்கிறது. எனவே ஒரு பாட்டில் கடற்கரை வந்துவிட்டதால் மட்டும் அது நெய்தலாகிவிடாது. உள்ளே நடப்பது என்ன என்பதுதான் கடைசித் தீர்ப்பு.

நிலத்துக்கு இவ்வளவு முதன்மை நம் மனதில் எப்படி வந்தது? எனக்குத் தோன்றுவது, அது ஓரளவுக்கு ஆங்கிலத்திலிருந்து திரும்பி வந்தது. 1967இல் ஏ. கே. ராமானுஜன் குறுந்தொகைப் பாடல்களை ஆங்கிலத்தில் தந்தபோது அத்தொகுப்புக்கு வைத்த பெயரின் பொருள் 'உள்ளார்ந்த நிலக்காட்சி'. அருமையான மொழிபெயர்ப்புகள் அவை. தமிழ் தெரியாத உலகத்துக்கு சங்கக் கவிதையை அறிமுகம் செய்ததில் அவற்றுக்கு இணையில்லை. 'உள்ளார்ந்த' என்ற சொல்லில்தான் அவருடைய அழுத்தம் இருந்தது. ஆனால் அந்நூலைப் பிடித்துக்கொண்டு நடந்த எத்தனையோ பேச்சுகளில் நிலக்காட்சி மட்டும் நின்றுவிட்டது.

இதற்கு மாறான வாசிப்பும் இங்கிலாந்தில்தான் உருவானது என்பதை இந்நாட்டில் வாழும் நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். பேர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் கிரேக்கப் பேராசிரியராக இருந்த மார்க்சிய அறிஞர் ஜோர்ஜ் தொம்சனிடம்தான் க. கைலாசபதியும் கா. சிவத்தம்பியும் ஆய்வு செய்தார்கள். கைலாசபதியின் ஆய்வு 1968இல் ஒக்ஸ்போர்ட் வெளியீடாக வந்து, சங்கப் பாடல்களை வாய்மொழி வீரயுகப் பாடல்களாக வாசிக்கும் விவாதத்தைத் தொடக்கிவைத்தது. சிவத்தம்பி 1974இல் எழுதிய கட்டுரையில், திணை என்பது தமிழகத்தின் வெவ்வேறு பகுதிகளில் உற்பத்தி முறைகள் சமனற்று வளர்ந்ததன் இலக்கியப் பதிவு என்று வாதிட்டார். வேட்டை, மேய்ச்சல், உழவு, மீன்பிடி, வழிப்பறி என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு வாழ்க்கை முறை. அந்த வாதத்தின் எல்லா முடிவுகளையும் ஏற்கவேண்டியதில்லை. ஆனால் நிலம் என்றால் அழகிய காட்சி என்ற மயக்கத்திலிருந்து அது நம்மை மீட்கும். திணையில் தொழில் இருக்கிறது, பசி இருக்கிறது, கொள்ளை இருக்கிறது.

இனி, ஆறாம் திணைக்காரர்களின் கணக்குப்படியே லண்டனுக்கு முதல், கரு, உரி பார்ப்போம்.

முதற்பொருளே இடிக்கிறது. பனித்திணை என்பது ரொறொன்ரோவுக்கோ ஒஸ்லோவுக்கோ பொருந்தலாம். லண்டனில் பனி வருடத்தில் சில நாட்கள் வந்து எட்டிப்பார்க்கும். சில வருடங்களில் அதுவும் இல்லை. இங்கே உள்ளது தூறல். தவிரவும் 'பனி' என்ற தமிழ்ச் சொல் இந்த வெண்துகளுக்காகப் பிறந்ததல்ல. அது புல்நுனியில் நிற்கும் நீர், குளிர், நடுக்கம். கண்ணில் நிற்கும்போது கண்ணீர். முன்பனியும் பின்பனியும் ஆறு பெரும்பொழுதுகளில் இரண்டு. குறிஞ்சிக்குக் கூதிரோடு முன்பனியையும், பாலைக்கு வேனிலோடு பின்பனியையும் தொல்காப்பியம் ஏற்கனவே கொடுத்துவிட்டது. பனி புதிதாகக் கண்டுபிடித்த பொருள் என்று சொல்லமுடியாது. பிரிவின் பொழுதாக அது முன்னரே பதிவாகியிருக்கிறது.

உண்மையில் லண்டனில் குழம்பிப்போனது பொழுதுதான். முல்லைக்குரிய சிறுபொழுது மாலை. போனவன் வரவேண்டிய நேரம் அது. மாடு வீடு திரும்பும், விளக்கேற்றுவார்கள், வாசலைப் பார்ப்பார்கள். டிசம்பரில் இந்த நகரத்தில் மாலை நான்கு மணிக்கு முன்னரே சூரியன் மறைந்துவிடும். யூன் மாதத்தில் ஒன்பது மணி தாண்டியும் வெளிச்சம் நிற்கும். பெற்றோல் நிலையத்தில் இரவு வேலைக்குப் போகிறவன் வீட்டைவிட்டு வெளியேறுவது மாலையில், வந்து சேர்வது விடியலில். மருதத்தின் பொழுது வைகறையும் விடியலும்; பரத்தையிடமிருந்து திரும்பும் கணவனுக்கு மனைவி கதவடைக்கும் நேரம். அந்த நேரத்தில் இங்கே வாசலில் நிற்பவன் பரத்தையிடமிருந்து வரவில்லை, காசாளர் கூண்டிலிருந்து வருகிறான். ஊடல் நடப்பது மட்டும் நடக்கிறது என்று கேள்வி.

கருப்பொருளில் நாம் அவ்வளவு ஏழைகள் அல்லர். சேயோன் மலைநிலத் தெய்வம். லண்டனில் அவருக்குக் கிடைத்த இடம் ஹைகேற் என்ற மேட்டுநிலம். ஆர்ச்வே வீதியால் ஏறிப்போய்த்தான் கும்பிடவேண்டும். தற்செயல்தான், ஆனாலும் இலக்கணம் வழுவவில்லை. பறவை இன்னும் சுவாரசியமானது. குறிஞ்சிப் பாடல்களில் தலைவி தினைப்புனத்தில் இருந்து விரட்டும் கிளி, கழுத்தில் செவ்வளையம் உள்ள பச்சைக்கிளி. அதே இனம் இன்று லண்டன் பூங்காக்களில் கூட்டம் கூட்டமாகப் பறக்கிறது. கூண்டிலிருந்து தப்பியவையும் விடப்பட்டவையும் பெருகி இந்நகரத்துப் பறவைகளாகிவிட்டன. பறவைகளுக்கும் பூக்களுக்கும் தொல்காப்பியத்தில் ஒரு தனி விதி இருக்கிறது. ஒரு நிலத்துக்கோ பொழுதுக்கோ உரியதல்லாத பூவும் புள்ளும் அங்கே வந்துவிட்டால், வந்து சேர்ந்த நிலத்துக்கு உரியவையாகவே அவற்றைக் கொள்ளவேண்டும். குரொய்டன் லூனார் ஹவுஸின் வரிசையில் கால்கடுக்க நின்றவர்களுக்கு இந்த விதியின் தாராளம் விளங்கும். மனிதருக்கு இப்படியொரு சூத்திரம் தொல்காப்பியத்திலும் இல்லை, பிரித்தானியக் குடிவரவுச் சட்டத்திலும் இல்லை.

நிலமும் கருவும் இவ்வாறு எப்படியோ ஒப்பேறிவிடும். உரியில்தான் நான் நின்றுவிடுகிறேன்.

நமது எழுத்தின் உரிப்பொருள் பிரிவு, ஆகவே அது பாலைதான், ஆறாவது ஒன்று தேவையில்லை என்று சில நண்பர்கள் வாதிடுகிறார்கள். இது கவனிக்கத்தக்க வாதம். பாலைக்குத் தொல்காப்பியம் நிலம் ஒதுக்கவில்லை. காடும் மலையும் வயலும் கடற்கரையும் மாயோன், சேயோன், வேந்தன், வருணன் ஆகிய நால்வருக்குப் பகிரப்பட்டுவிட்டன. பாலை நடுவுநிலைத் திணையாக வெறும் கையோடு நிற்கிறது. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்பது பின்னர் சிலப்பதிகாரம் தரும் விளக்கம். சொந்த நிலமில்லாத திணை, நிலம் கெடும்போது பிறக்கும் திணை. அந்தப் பாலைவழி போய்ச்சேரும் இடத்துக்குச் சங்கப் புலவர்கள் வைத்த பெயர்களில் ஒன்று 'மொழிபெயர் தேயம்'. வேங்கடத்துக்கு அப்பால் வேற்றுமொழி பேசும் நாடு அது. ஈஸ்ட்ஹாமிலும் ரூட்டிங்கிலும் இருந்துகொண்டு இதைப் படிக்கிறவர்களுக்கு உடம்பு சிலிர்ப்பதில் வியப்பில்லை.

ஆனால் பாலையில் எதற்காகப் பிரிகிறார்கள் என்று பாருங்கள். இறையனார் களவியல் பிரிவுக்கான காரணங்களை ஆறாக வகுக்கிறது. ஓதல், காவல், பகை தணித்தல், வேந்தனுக்கு உற்றவிடத்து உதவுதல், பொருள் தேடல், பரத்தை. கல்விக்காக வந்தவர்களும் பொருளுக்காக வந்தவர்களும் நம்மில் உண்டு. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் இங்கு வந்த மருத்துவர்களையும் பொறியியலாளர்களையும் இந்தப் பட்டியலுக்குள் அடக்கிவிடலாம். உயிருக்குப் பயந்து ஓடுதல் பட்டியலில் இல்லை. இது ஒரு விடுபடல் என்று நினைக்கவேண்டாம். அகத்தின் பிரிவு திரும்பி வருவதற்கான பிரிவு. போகிறவன் பருவம் குறித்துவிட்டுப் போகிறான். கார்காலம் வந்ததா, அவன் தேர் வந்ததா என்று அவள் காத்திருப்பதில்தான் முல்லை பிறக்கிறது. திரும்புதல் என்ற உத்தரவாதத்தின்மேல் கட்டப்பட்ட மண்டபம் அகம்.

நமது அனுபவத்துக்கு அகத்தில் ஓரளவு நெருங்கிவரும் இடம் உடன்போக்குத்தான். மகள் காதலனோடு சுரம் கடந்து போய்விட்டாள். நற்றாய் வீட்டில் புலம்புகிறாள். செவிலி வழியில் எதிர்ப்பட்டவர்களிடம் விசாரித்துக்கொண்டு போகிறாள். எண்பதுகளின் நடுப்பகுதியிலிருந்து யாழ்ப்பாணத்துத் தாய்மார் செய்ததும் ஏறத்தாழ இதுவே. ஒரு வித்தியாசம், பிள்ளை சொல்லாமல் ஓடவில்லை. தாயே தாலிக்கொடியை அடகுவைத்து, காணியை ஈடுவைத்து, ஏஜென்சிக்காரனின் கையில் பிள்ளையைக் கொடுத்து அனுப்பினாள். "எங்கயாவது உயிரோட இருந்தாக் காணும்" என்று சொன்ன அந்தத் தாய்க்கு அகத்திணையில் கூற்று இல்லை. அவளுடைய பாட்டை இன்னும் யாரும் சரியாக எழுதவில்லை என்பது என் அபிப்பிராயம்.

இந்த இடத்தில் வாசகரின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்பும் சொல் 'முதுபாலை'. நம்மவர் அதிகம் பேசாத சொல். அதை விளங்கிக்கொள்ளத் துறை என்பது என்ன என்று தெரியவேண்டும். துறை என்றால் ஆற்றில் இறங்குமிடம். திணை ஆறு என்றால், அதில் பாட்டு இறங்கும் குறிப்பிட்ட சந்தர்ப்பம் துறை. ஆநிரை கவர்தல், கோட்டையை வளைத்தல், இறந்தவனுக்கு இரங்கல் என்று புறத்திணைகளுக்குள் பல துறைகள். தொல்காப்பியம் வெட்சி, வஞ்சி, உழிஞை, தும்பை, வாகை, காஞ்சி, பாடாண் எனப் புறத்தை ஏழாக்கி, ஒவ்வொன்றையும் ஓர் அகத்திணைக்கு ஈடாக நிறுத்துகிறது. நிலையாமையைப் பேசும் காஞ்சியில் வரும் துறைகளில் ஒன்றுதான் முதுபாலை. சுரத்தின் நடுவே கணவனை இழந்து தனித்துப்போனவள் புலம்புவது அது.

அதே சுரம், அதே வெயில், அதே வழி. போனவன் திரும்புவான் என்றிருக்கும்வரை பாட்டு அகம். வழியிலேயே அவன் இறந்துபோனால், நிலம் மாறாமலே பாட்டு புறத்துக்குப் போய்விடுகிறது. முன்னோர் எல்லைக்கோட்டை இந்த இடத்தில்தான் கீறியிருக்கிறார்கள். 1995இல் ஹங்கேரியில் பூட்டிய பாரவூர்திக்குள் மூச்சடைத்து இறந்த இலங்கையர் 18 பேர். 1996 டிசம்பரில் மால்ட்டாவுக்கும் சிசிலிக்கும் இடையில் படகு மூழ்கி இறந்த இருநூறுக்கும் அதிகமானோரில் நம்மவரும் இருந்தார்கள். இவர்களைப் பற்றிய பாட்டைப் 'பனியும் பனி சார்ந்த இடமும்' என்ற தலைப்பின்கீழ் எங்கே வைப்பது? மரபு அதற்கு இடம் வைத்திருக்கிறது. நாம்தான் அந்தப் பக்கத்தைப் புரட்டவில்லை.

இது வெறும் வகைப்படுத்தற் சிக்கலாக இருந்திருந்தால் இவ்வளவு எழுதியிருக்கமாட்டேன். அகத்துக்கு இன்னொரு விதி உண்டு. அன்பின் ஐந்திணையில் யாருடைய பெயரையும் சுட்டிச் சொல்லக்கூடாது. தலைவன், தலைவி, தோழி, செவிலி, அவ்வளவுதான். பெயர் வந்தால் பாட்டு புறமாகிவிடும். காதலுக்கு இது மிக நாகரிகமான விதி. ஆனால் ஆறாவதை அகத்தோடு சேர்த்து எண்ணும்போது இந்த விதியும் சத்தமில்லாமல் கூடவே வந்துவிடுகிறது. 'அவன் போனான்', 'அவள் காத்திருந்தாள்', 'மண் மணத்தது', 'பனி பெய்தது'. யார் போனான், எந்த ஊரிலிருந்து, எந்த வருடம், யார் துரத்தினார்கள் என்று கேட்கமுடியாது. அகப்பாட்டின் பிரிவுக்குப் பொறுப்பாளி இல்லை. நமது பிரிவுக்குப் பொறுப்பாளிகள் இருந்தார்கள். கொழும்பிலும் இருந்தார்கள், நம் ஊர்களிலும் இருந்தார்கள், ஆயுதத்தோடு இருந்தார்கள். காலநிலையை முதற்பொருளாக்கிவிட்டால் அரசியலும் காலநிலைபோல ஆகிவிடும். எங்கிருந்தோ வந்தது, எங்கோ போனது, யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை.

பெயர் சொல்லாமைக்கு ஒரு காலத்தில் நியாயமும் இருந்தது. 1991இல் சிவரமணி தன் கவிதைகளை எரித்துவிட்டுத் தன்னையும் முடித்துக்கொண்டார். அதே வருடம் கவிஞர் செல்வியைப் புலிகள் பிடித்துச் சென்றார்கள், அவர் திரும்பவேயில்லை. 1994 மே 1இல் பாரிஸில் சபாலிங்கம் சுட்டுக்கொல்லப்பட்டபோது ஐரோப்பாவும் தூரமில்லை என்று தெரிந்தது. ஜேர்மனியிலும் பிரான்சிலும் நோர்வேயிலும் இங்கேயும் தட்டச்சிலும் கையெழுத்திலும் நகலெடுத்து வந்த சஞ்சிகைகளில் புனைபெயர்கள் மலிந்ததற்கு இலக்கிய நாகரிகம் மட்டும் காரணமல்ல. ஊரில் தாய் தகப்பன் இருந்தார்கள். ஆக, அகத்தின் பெயரிலி மரபு நமது கவிஞர்களுக்கு ஒரு பதுங்குகுழியாக உதவியது. குண்டு விழும்போது பதுங்குகுழி தேவைதான்.

இதற்கு வரக்கூடிய மறுப்பை நான் அறிவேன். புறத்தைக் கொண்டாடினால் எங்கே போய் முடியும் என்று தெரியாதா, வீரமும் வாகையும் நடுகல்லும் நம்மை எங்கே கொண்டுபோய் விட்டன என்று கேட்பார்கள். மிகச் சரியான கேள்வி. புறத்தின் ஒரு பாதியை எடுத்து இயக்கம் தன் தேவைக்கு நன்றாகவே பயன்படுத்தியது. நடுகல்லில் யாருடைய பெயரைப் பொறிப்பது என்பதைத் துப்பாக்கி தீர்மானித்தது. மாவீரருக்குக் கல் இருந்தது. துரோகி என்று கம்பத்தில் கட்டிச் சுடப்பட்டவனுக்குக் கல் இல்லை. 2009க்குப் பிறகு அந்தத் துயிலும் இல்லங்களையும் இராணுவம் இடித்துச் சமப்படுத்தியபோது, எல்லோருமே கல் இல்லாதவர்கள் ஆனார்கள்.

ஆனால் புறத்தில் வாகையும் பாடாணும் மட்டும் இல்லை. கையறுநிலை என்ற துறையும் இருக்கிறது. கை அற்ற நிலை, இனிச் செய்ய ஒன்றுமில்லாத நிலை. தொல்காப்பியம் அதையும் முதுபாலையையும் காஞ்சியில் வைத்தது. பின்னர் வந்த புறப்பொருள் வெண்பாமாலை புறத்தைப் பன்னிரண்டாக விரித்தபோது, இரண்டையும் பொதுவியல் என்ற படலத்துக்கு மாற்றியது. எல்லாத் திணைக்கும் பொதுவானவற்றைச் சேர்த்த பகுதி என்பதுதான் அங்கே பொருள். வென்றவன் திணை, தோற்றவன் திணை என்ற கட்சிகளிலிருந்து அழுகையை எடுத்துப் பொதுவில் வைத்தார்கள் என்று நான் வாசித்துக்கொள்வது என் சொந்த ஆசை. ஐயனாரிதனார்மேல் அதைச் சுமத்தவில்லை.

கையறுநிலைக்கு எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் புறநானூற்றின் 112ஆம் பாட்டு. பறம்பு மலையை மூவேந்தர் கைப்பற்றி, பாரி கொல்லப்பட்ட பின்னர் அவனுடைய மகளிர் பாடியது. ஒரு மாத இடைவெளியில் வந்த இரண்டு நிலவுகளை ஒப்பிட்டு, தந்தையையும் மலையையும் இழந்ததைச் சொல்லும் ஐந்தே அடிகள். பள்ளிக்கூடத்தில் மனனம் செய்து ஒப்புவித்ததால் நாம் அதைக் கவனித்துப் படித்திருக்கமாட்டோம். பொழுதுதான் அதன் முதற்பொருள், நிலவு. குன்று வருகிறது, ஆனால் அது வர்ணனையாக வரவில்லை, யார் கையில் இருந்தது, யார் கைக்குப் போனது என்ற கணக்காக வருகிறது. எடுத்தவர்கள் வேந்தர்கள் என்று வெளிப்படையாகவே சொல்லப்படுகிறது. ஏக்கம் இருக்கிறது, பொறுப்பாளியும் இருக்கிறார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பாட்டுக்குள் பாரியின் பெயர் இல்லை, பறம்பின் பெயரும் இல்லை. தந்தை, குன்று, வேந்தர் என்ற பொதுச்சொற்கள்தான். பெயர்கள் எல்லாம் பாட்டுக்குக் கீழே உள்ள பழங்குறிப்பிலிருந்து வருகின்றன: இன்ன திணை, இன்ன துறை, இன்னார் பாடியது. தொகுத்தவர்களோ அவர்களுக்குப் பின் வந்தவர்களோ எழுதிவைத்து, ஏட்டுக்கு ஏடு பெயர்ந்து, 1894இல் உ. வே. சாமிநாதையரின் பதிப்பில் அச்சேறிய குறிப்புகள். அந்த ஒரு வரியைத் துடைத்துவிட்டால் 112ஆம் பாட்டு யாரோ இரண்டு பெண்கள் நிலவைப் பார்த்து அழுவதாக, ஓர் அழகான ஏக்கப் பாட்டாக நின்றுவிடும். ஆறாம் திணை என்றும் அதை வாசித்துவிடலாம்.

கையறுநிலைக்கு அதன் சொந்தக் குறைகளும் உண்டு. புரவலன் செத்தால் பாணனுக்குச் சோறு போய்விடும். அந்த அழுகையில் வயிறும் சேர்ந்தே அழுதது. வள்ளலுக்கு அழுத அளவுக்கு அவனுடைய குடிமகனுக்கு அழுத பாட்டுகள் குறைவு. இந்தக் குறையை மனதில் வைத்துக்கொண்டே அத்துறையை நாம் எடுக்கவேண்டும். புறத்தில் நமக்குப் பயன்படக்கூடியது அது மட்டும்தான் என்றும் இல்லை. ஆற்றுப்படையை எடுத்துக்கொள்ளுங்கள். பரிசு பெற்றுத் திரும்பும் பாணன், பெறாத பாணனுக்கு வழி சொல்கிறான்: இந்தக் காட்டால் போ, இந்த ஊரில் இன்ன சோறு கிடைக்கும், கடைசியில் இன்ன வள்ளலைக் காண்பாய். பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் இந்த வகை. எண்பதுகளில் மொஸ்கோ வழியாகவும் கிழக்கு பேர்ளின் வழியாகவும் வந்து சேர்ந்தவர்கள் பின்னால் வருபவர்களுக்கு எழுதிய கடிதங்கள் இதே வடிவம்தான். எங்கே கடவுச்சீட்டைக் கிழிப்பது, எந்த அலுவலகத்தில் என்ன சொல்லவேண்டும், எந்த முகாமில் சோறு பரவாயில்லை. வள்ளல் மட்டும்தான் கதவைத் திறக்கத் தயங்கினார். அக்கடிதங்களை யாராவது சேர்த்து வைத்திருந்தால் அவை நமது பதினோராவது பாட்டு.

துறை இல்லாத சம்பவங்களும் நம்மிடம் உண்டு. 1987 பெப்ரவரியில் ஹீத்ரோ விமான நிலையத்தில், திருப்பி அனுப்பப்படவிருந்த தமிழர்கள் ஓடுபாதைக் குளிரில் உடைகளைக் களைந்து நின்றார்கள். அதே வருடம் ஹாவிச் துறைமுகத்தில் 'ஏர்ள் வில்லியம்' என்ற கப்பலில் தஞ்சம் கேட்டவர்கள் அடைத்துவைக்கப்பட்டார்கள். அவர்களில் தமிழர் பலர். ஒக்ரோபரில் அடித்த பெரும்புயலில் அந்தக் கப்பல் கட்டறுத்துக்கொண்டு நகர்ந்தது. உடை களைதல் என்ற துறையைப் பழைய இலக்கணத்தில் தேடிப் பார்த்தேன், இல்லை. ஆறாவது திணையைவிட இப்படியான நாலு புதிய துறைகளுக்குப் பெயரிடுவது கவிஞர்களுக்கும் விமர்சகர்களுக்கும் உருப்படியான வேலையாக இருக்கும்.

நம்மிடம் பாட்டுகளுக்குப் பஞ்சமில்லை. 1985இல் வந்த 'மரணத்துள் வாழ்வோம்', 1986இல் வந்த 'சொல்லாத சேதிகள்' தொடங்கி, லண்டனில் பத்மநாப ஐயர் முன்னின்று 1997இல் 'கிழக்கும் மேற்கும்' எனத் தொடக்கிய தொகுப்புகள் வரை எவ்வளவோ அச்சாகியிருக்கின்றன. 2005இலிருந்து நூலகம் எண்ணிம நூலகத் திட்டம் பழைய சஞ்சிகைகளை ஒவ்வொரு பக்கமாகப் படம்பிடித்துக் காத்துவருகிறது. பக்கங்கள் தப்பிவிட்டன. பக்கத்தின் கீழே இருக்கவேண்டிய அந்த ஒரு வரிதான் இல்லை. ஒரு கவிதையில் 'அன்று சந்தியில்' என்று வருகிறது. எந்தச் சந்தி? 'நண்பா' என்று விளிக்கிறது. அந்த நண்பன் யார், அவனை யார் கொன்றது? எழுதியவரின் தலைமுறை எழுபதைத் தாண்டிக்கொண்டிருக்கிறது. இன்று ஒரு தொலைபேசி அழைப்பில் கிடைக்கும் பதில், இன்னும் பத்து வருடத்தில் முனைவர் பட்ட ஊகமாகிவிடும்.

எழுதியவர் தன் பெயரை வெளியிட இன்றும் விரும்பாவிட்டால்? ஊரில் இன்னமும் உறவினர் இருக்கிறார்கள், இங்கே அக்கம்பக்கத்தில் பழைய ஆட்களும் இருக்கிறார்கள். விரும்பாதிருக்க அவர்களுக்கு உரிமை உண்டு. தொகைநூற்காரர்கள் இதற்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள். புலவரின் பெயர் கிடைக்காதபோது 'யாரோ' என்று விட்டுவிடாமல், அவருடைய பாட்டிலிருந்தே ஒரு தொடரை எடுத்து அவருக்குப் பெயராகச் சூட்டினார்கள். செம்புலப்பெயனீரார், தேய்புரிப்பழங்கயிற்றினார், தொடித்தலைவிழுத்தண்டினார் எல்லாம் அப்படிப் பிறந்த பெயர்கள். நமது சஞ்சிகைகளில் ஒற்றை எழுத்தும் புள்ளியும் மட்டும் போட்டுக் கையொப்பமிட்டவர்களுக்கும் அப்படி ஒரு பெயர் வைக்கலாம். அதன் கீழே ஊரையும் வருடத்தையும் துறையையும் எழுதிவிடலாம்.